படகின் வெளுத்த ரப்பர் விளிம்பை மீட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

படகு வாங்கும்போது அதைச் சுற்றி ஓடும் கருப்புப் பட்டையை யாரும் பார்ப்பதில்லை. நாலைந்து வருட வெயில் பட்டு, சாம்பல் தடவினதுபோல் வெளுத்து நிற்கும்போதுதான் அது கண்ணை உறுத்துகிறது. பக்கவாட்டை எவ்வளவு பாலிஷ் போட்டுத் தேய்த்தாலும் சரி, அந்த ஒரு பட்டை மொத்தப் படகையும் கிழடாகக் காட்டிவிடும்.

வெளுத்ததைப் பார்த்தவுடன் கை போவது ஏதாவது ஒரு பளபளப்புத் திரவத்துக்குத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு நாள் மாலை மேலோட்டமாகக் கழுவிவிட்டு, ஸ்பாஞ்சில் நனைத்துச் சுற்றிலும் பூசினேன். அரை மணி நேர வேலை, படகு புதுசாகிவிட்டது. மூன்றாம் நாள் மழை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், மை வைத்த கண் அழுததுபோல் வெள்ளைப் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கருங்கோடுகள். அவற்றை எடுக்க ஒன்றரை நாள் ஆயிற்று. திரவத்தின் மேல் பழி இல்லை. உதிர்ந்துகொண்டிருந்த தூளின் மேலேயே அதைப் பூசியது என் அவசரம். இந்த வேலையில் முக்கால் பங்கு சுத்தம் செய்வது, மீதிதான் பூச்சு. அதனால் இந்த வழிகாட்டியிலும் பூச்சு தாமதமாகத்தான் வரும்.

துணி என்ன சொல்கிறது?

ஈரமான வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, பட்டையில் ஒரு சாண் நீளத்துக்கு அழுத்தித் தேயுங்கள். பழுப்பாக அழுக்கு வந்து, அடியில் நல்ல கருப்பு தெரிந்தால் அதிர்ஷ்டம்தான். அது வெறும் தூசியும் உப்பும். சோப்புத் தண்ணீரே போதும். துணி கருப்பாகிறது, இடம் மாற்றி மடித்துத் தேய்த்தாலும் கருப்பாகிக்கொண்டே இருக்கிறது என்றால், மேல்தோல் வெயிலில் சிதைந்து தூளாக உதிர்கிறது என்று பொருள். துணி வழுக்காமல் பிசின் மேல் பட்டதுபோல் ஒட்டிக்கொண்டு வந்தால் அது வேறு கதை; கீழே வருகிறேன்.

அடுத்து அதே இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரத்தில் கருப்பாகவும் காய்ந்ததும் சாம்பலாகவும் தெரிந்தால், நிறம் எங்கேயும் போய்விடவில்லை. மேற்பரப்பு சொரசொரப்பாகி ஒளியைச் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். இதைச் சுலபமாக மீட்கலாம். ஈரத்திலும் சாம்பலாகவே இருந்தால், கெட்டுப்போன மேல்தோலை எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் வண்ணம் பூச வேண்டும்.

கடைசியாக வளைவான இடங்களுக்கு வாருங்கள்: படகின் மூக்கு, பின்பக்க மூலைகள். அங்கே ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பட்டை இழுபட்டிருக்கும் திசைக்குக் குறுக்காக, பிளேடால் கீறினதுபோல் வரிசையாக நுண்ணிய வெடிப்புகள் வாய் திறக்கின்றனவா? அது ஓசோன் செய்த வேலை. காற்றில் இருக்கும் மிகச் சிறிதளவு ஓசோனே போதும், இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரை அறுத்துவிடும். அதே பட்டையின் நேரான பகுதி அதே வயதில் ஒரு கீறலும் இல்லாமல் இருக்கும். வெடிப்பைக் கழுவியும் மூட முடியாது, பூசியும் மூட முடியாது. மயிரிழை அளவென்றால் பொறுத்துக்கொள்ளலாம். நகம் உள்ளே இறங்குகிறது என்றால் இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

ரப்பரா, வினைலா?

நாம் ரப்பர் என்று சொல்கிற பலதும் ரப்பரே இல்லை. படகைச் சுற்றி ஓடும் விளிம்புப் பட்டை பல படகுகளில் மென்மையாக்கிய பிவிசி, அதாவது வினைல். ஜன்னலைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் கேஸ்கெட்டும் மேல்தள மூடிகளின் சீலும் பெரும்பாலும் இபிடிஎம் அல்லது நியோப்ரீன் ரப்பர். காற்றடைத்த படகுகளின் குழாய்கள் பிவிசியாக இருக்கும், அல்லது ஹைப்பலானாக இருக்கும். ஹைப்பலான் என்பது டுபான்ட் நிறுவனத்தின் வணிகப் பெயர். அவர்கள் 2010-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டாலும், வேறு நிறுவனங்கள் செய்யும் அதே வகை ரப்பரைப் படகுக்காரர்கள் இன்னும் ஹைப்பலான் என்றுதான் சொல்கிறார்கள்.

வித்தியாசம் தெரிய ஒரு எளிய வழி உண்டு. கை பொறுக்கிற அளவுக்கு மேல் கொஞ்சம் சூடான வெந்நீரில் துணியை நனைத்து, கையுறை போட்டுக்கொண்டு, பட்டையின் மேல் இரண்டு நிமிடம் வையுங்கள். எடுத்ததும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். வினைல் நன்றாக இளகி, நகத்தின் தடம் மெதுவாகத்தான் மறையும். ரப்பரில் பெரிய மாற்றம் இருக்காது. அழுத்திய இடம் உடனே எழும்பிவிடும்.

இதை ஏன் இவ்வளவு மெனக்கெட்டுப் பார்க்க வேண்டும்? வினைலை வளையச் செய்வது அதற்குள் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற மென்மையாக்கி. தின்னரும் அசிட்டோனும் அதை உறிஞ்சி எடுத்துவிடும். இபிடிஎம் வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும், ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். வினைலில் அதற்கென்று உள்ள ஸ்ப்ரே வண்ணம் நன்றாகப் பிடிக்கும். இபிடிஎம்மில் எந்த வண்ணமும் சரியாக ஒட்டாது, ஒரு பருவத்திலேயே சட்டையுரிக்கும். ஒன்றுக்கு மருந்து மற்றொன்றுக்கு விஷம்.

வெளுப்பது எதனால்?

கருப்பு ரப்பரைக் கருப்பாக்குவது கார்பன் பிளாக் எனப்படும் மிக நுண்ணிய கரித்தூள். அது வெறும் நிறத்துக்காக இல்லை: ரப்பருக்கு வலு கொடுக்கிறது, புற ஊதாக் கதிரை விழுங்கி உள்ளே போகாமல் தடுக்கிறது. தொடக்க கால டயர்கள் கரித்தூள் சேராமல் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. கரித்தூள் வெயிலில் அழிவதில்லை. அதைப் பிடித்து வைத்திருக்கும் ரப்பரோ வினைலோதான் மேற்பரப்பில் சிதைகிறது. பிடிமானம் போன கரி, துணியில் வருகிறது. மழைத் தண்ணீரோடு பக்கவாட்டில் வழிகிறது. வினைலில் கூடுதலாக மென்மையாக்கியும் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. அது வெளியே வந்து மேலேயே தங்கினால் பிசுபிசுப்பு. போயே போய்விட்டால் விறைப்பும் சுருக்கமும்.

கழுவுதல்

காலையிலோ மாலையிலோ, பட்டையைத் தொட்டால் சூடு தெரியாத நேரத்தில் தொடங்குங்கள். முடிந்தால் படகைக் கரையேற்றிச் செய்வது நல்லது. உதிரும் கரியும் சோப்பும் தண்ணீருக்குள் போகாது.

முதலில் பட்டைக்குக் கீழே உள்ள பக்கவாட்டை நன்றாக நனையுங்கள். வேலை முடியும்வரை அது காயக்கூடாது. காய்ந்த ஜெல்கோட்டின் (ஃபைபர் படகின் பளபளப்பான வெளிப்பூச்சு) மேல் கருப்புத் தண்ணீர் வழிந்தால் பிடித்துக்கொள்ளும். ஈரமாக இருந்தால் கூடவே ஓடிவிடும்.

அப்புறம் பட்டையை நல்ல தண்ணீரால் அலசி உப்பை இறக்குங்கள். உப்புப் படிகத்தோடு தேய்த்தால் மணலோடு தேய்த்ததுபோல்தான். ஒரு வாளித் தண்ணீரில் படகு சோப்போ கார் ஷாம்பூவோ கலந்து, நடுத்தர மென்மையுள்ள ப்ரஷ்ஷால் ஒரு தடவைக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டு தேய்த்து, காயவிடாமல் அலசிக்கொண்டே நகருங்கள். பட்டையில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்களுக்குப் பழைய டூத்பிரஷ்ஷை விடச் சிறந்த கருவி இன்னும் வரவில்லை. ஜெல்கோட்டும் ரப்பரும் சேரும் கோட்டில் பாசி உட்கார்ந்திருக்கும். அங்கே ப்ரஷ்ஷை நீளவாக்கில் ஓட்டுங்கள், குறுக்கே குத்தினால் அந்த இணைப்பில் இருக்கும் அடைப்பான் பெயர்ந்துவிடும். அதே காரணத்துக்காக, பிரஷர் வாஷர் வைத்திருந்தாலும் அதன் முனையை இணைப்புக்கு நேராகப் பிடிக்க வேண்டாம்.

ஒரு முறை சுற்றி வந்தபின் வெள்ளைத் துணி சோதனையை மறுபடி செய்யுங்கள். இன்னும் கருப்பு வந்தால் மறுபடி ஒரு சுற்று. மூன்றாம் சுற்றுக்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தால் சோப்பால் ஆகாது, உரசல் வேண்டும்.

கறைகள்

வெள்ளையாகப் படிந்த உப்புப் பொருக்கு, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஐந்து நிமிடம் ஊறவிட்டால் இளகும். பூஞ்சைப் புள்ளிகளுக்கு, வீட்டில் பயன்படுத்தும் திரவ பிளீச்சை ஒன்றுக்குப் பத்து பங்கு தண்ணீர் சேர்த்துத் தடவி, பத்து நிமிடத்தில் நன்றாக அலசுங்கள். கவனம்: பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றதை அன்றைக்குத் தொடவே வேண்டாம். அமோனியா கலந்த கிளீனரும் பிளீச்சோடு சேரக்கூடாது. பிளீச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகளையும் அரிக்கும் என்பதால் அலசலில் கஞ்சத்தனம் கூடாது.

திருகைச் சுற்றி வழிந்த துருக்கறைக்கு ஆக்சாலிக் அமிலம் கலந்த கிளீனர்தான் வழி. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கறை போனபின் அந்தத் திருகையும் பாருங்கள். அது துருப்பிடித்துக்கொண்டே இருந்தால் கறையும் வந்துகொண்டே இருக்கும்.

வெள்ளை வினைல் பட்டை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில சமயம் அதில் இளஞ்சிவப்புத் திட்டுகள் வரும். மணிக்கணக்கில் தேய்த்தாலும் போகாது, பிளீச்சுக்கும் மசியாது. அது அழுக்கில்லை. வினைலுக்குப் பின்னால் ஈரத்தில் வளரும் ஒருவகை நுண்ணுயிர் சுரக்கும் சாயம், மென்மையாக்கியில் கரைந்து உள்ளிருந்து மேலே வருகிறது. தேய்ப்பதை நிறுத்திவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அந்தப் பகுதியை மாற்றுவதோ அதன் மேல் வண்ணம் பூசுவதோதான் மீதி.

உரசல்

மெலமைன் ஸ்பாஞ்ச் என்று விற்கிற வெள்ளைக் கட்டி பார்க்க மெத்தென்று இருந்தாலும், அது மிக நுண்ணிய உப்புத்தாள் போலத்தான் வேலை செய்கிறது. தூள் உதிரும் பட்டைக்கு அதிலிருந்து தொடங்குங்கள். ஈரமாக, அழுத்தம் இல்லாமல், கட்டி கருப்பானதும் திருப்பி, தேய்ந்ததும் புதிதாக எடுத்து. ஒரு படகுக்கு ஐந்தாறு கட்டிகள் காலியானால் ஆச்சரியப்பட வேண்டாம். பக்கத்து ஜெல்கோட்டில் படக்கூடாது, பளபளப்பு மங்கிவிடும். மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அதற்கும் மசியாத வினைலுக்கு 400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், பிறகு 600. தண்ணீர் விட்டுக்கொண்டே, எப்போதும் பட்டையின் நீளவாக்கில் மட்டும். கைவிரலில் வைத்துத் தேய்த்தால் பள்ளம் விழும். தாளைச் சிறிய ஸ்பாஞ்ச் துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் கருப்புச் சேறு வரும், அப்புறம் அது மெலிந்து தண்ணீர் தெளியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று தேய்ப்பது நல்ல ரப்பரைத் தின்பது. கேஸ்கெட், சீல், காற்றடைத்த குழாய் ஆகியவற்றில் உப்புத்தாளே வேண்டாம்.

அசிட்டோன் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் வினைல் பளிச்சென்று கருப்பாகும் என்று பலர் சொல்வார்கள். பொய் இல்லை, ஆகும். மேல்தோலைக் கரைத்துத் துடைப்பதால் ஆகிறது. கூடவே மென்மையாக்கியும் போவதால் பட்டை சீக்கிரம் விறைக்கும். கை நழுவி ஜெல்கோட்டில் சொட்டினால் அங்கும் மங்கும். நான் செய்வதில்லை. ஹீட் கன்னால் சுட்டுக் கருப்பாக்கும் வித்தையும் அப்படித்தான்: கார் பம்பரில் சில மாதம் நிற்கும், படகில் பக்கத்திலிருக்கும் ஜெல்கோட்டைக் கொப்புளமாக்கும்.

பிசுபிசுப்பான பட்டைக்கு உரசல் உதவாது, தாள் அடைத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுப்பு போய்த் திரும்பாவிட்டால் அது பழைய பளபளப்புத் திரவத்தின் மிச்சம். ஒரு வாரத்தில் திரும்பி வந்தால் வினைலே கசிகிறது. அதற்கு ஆயுள் அவ்வளவுதான்.

பூச்சு: மூன்று வழி

எதைப் பூசினாலும் அதற்கு முன் பட்டை முழுசாகக் காய வேண்டும். பள்ளங்களில் தண்ணீர் ஒளிந்திருக்கும். ஒரு இரவு விடுவது நல்லது. மறுநாள் ஆல்கஹால் துணியால் ஒரு துடைப்பு. பிறகு ஒரு ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் பழைய சிலிக்கோனோ மெழுகோ இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். நல்ல ரப்பரில் தண்ணீர் கொஞ்சம் குவியத்தான் செய்யும், ஆனால் பாதரசம்போல் ஓடாது.

முதல் வழி, பாதுகாப்புத் திரவம். பால்போல் வெள்ளையாக இருக்கிற, தண்ணீர் சார்ந்த, புற ஊதாத் தடுப்பு உள்ளதாகப் பார்த்து எடுங்கள். எண்ணெய்போல் தெளிவாக, கரைப்பான் வாசனையோடு இருப்பவை பளபளவென்று காட்டும்; தூசியை இழுக்கும், மழையில் வழியும். துணியில் எடுத்துத் தடவி, சில நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். இந்த இரண்டாவது துடைப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். நிறம் உள்ளே இருக்கிற பட்டைக்கு இதுவே போதும். ஜன்னல் கேஸ்கெட்டுக்கு இது மட்டுமே.

இரண்டாவது, காய்ந்து படலமாக நிற்கும் டிரிம் ரெஸ்டோரர். ஈரத்தில் கருப்பாகி, காய்ந்தால் சாம்பலாகும் பட்டைக்கு இதுதான் பொருத்தம், சொரசொரப்பை நிரப்பிவிடுகிறது. மேலும் கீழும் டேப் ஒட்டி, சிறிய ஸ்பாஞ்சில் சில சொட்டு மட்டும் விட்டு, அரை மீட்டர் அரை மீட்டராகப் போங்கள். அடுத்த பகுதி முந்தையதன் ஈர விளிம்பைத் தொட வேண்டும், இல்லையென்றால் இணைப்புக் கோடு தெரியும். டேப்பைப் பூச்சு முழுதாய் இறுகும் முன்பே, தன்மேல் தானே மடித்தபடி, மெதுவாக உரியுங்கள். அன்றைக்கு மழையோ பனியோ படக்கூடாது. பல மாதம் நிற்கும்.

மூன்றாவது, வினைல் ஸ்ப்ரே வண்ணம். ஈரத்திலும் சாம்பலாக இருந்த வினைலுக்கு மட்டும். சாதாரண எனாமல் ஸ்ப்ரே அடித்தால், படகு முதல் தடவை துறையில் இடிக்கும்போதே செதில் செதிலாக வரும். வளையும் வண்ணமாக இருக்க வேண்டும். 400-ஆம் நம்பர் தாளால் மெல்லக் கீறி, ஆல்கஹாலால் துடைத்து, கீழே பக்கவாட்டு முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். ஸ்ப்ரே பனி நாம் நினைப்பதைவிடத் தூரம் போகும், காற்றடிக்கும் நாளில் தொடங்கவே வேண்டாம். முகமூடி கட்டாயம். முதல் கோட் வண்ணம் பிடித்ததா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். அதன் மேல் இரண்டு மூன்று மெல்லிய கோட். ஒரே தடித்த கோட் வழியும், சுருங்கும், தோலாக உரியும். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுத் தொடுங்கள்.

எங்கே பூசக்கூடாது

கால் வைக்கும் படி, கைபிடிக்கும் விளிம்பு, படகில் ஏறும் இடம் ஆகியவற்றில் எந்தப் பளபளப்புத் திரவமும் கூடாது. ஈரக்காலோடு ஏறுபவர் வழுக்கி விழ ஒரு துளி போதும். காற்றடைத்த படகின் குழாயில் சிலிக்கோன் கலந்ததைத் தடவாதீர்கள். நாளைக்கு ஓட்டையானால் ஒட்டு பிடிக்காது. ஃபைபர் பக்கவாட்டில் பெயின்ட் வேலை வரப்போகிறது என்றாலும் அதற்கு முன் சிலிக்கோனை அருகில் கொண்டுவர வேண்டாம். பெயின்ட் அந்த இடத்தில் மீன்கண் மாதிரி விலகி நிற்கும்.

மூடிகளின் சீலுக்கு அழகை விட அடைப்பு முக்கியம். கழுவிக் காயவைத்தபின், மெல்லிய சிலிக்கோன் கிரீஸை விரலால் நீவிவிடுங்கள். மூடியோடு ஒட்டிப் பிய்யாது. பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், இபிடிஎம் ஊதிவிடும். பிறகு ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்து மூடியை மூடி, இழுத்துப் பாருங்கள். கனமாக இழுபட்டால் சீல் நன்றாக அழுத்துகிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் தண்ணீர் இறங்கும். இப்படி ஒரு சாணுக்கு ஒரு தடவை சுற்றி வாருங்கள்.

மாற்ற வேண்டியது எப்போது?

நகம் இறங்கும் வெடிப்பு, திரும்பத் திரும்ப வரும் பிசுபிசுப்பு, அழுத்தினால் கட்டைபோல் இருக்கும் விறைப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் பூச்சுக்குச் செலவிடுவது வீண். அலுமினியச் சட்டத்துக்குள் செருகிய பட்டையானால், முனைகளில் சுருங்கி இடைவெளி விட்டிருக்கும். பட்டை விறைக்காமல், இடைவெளியும் விரலகலத்துக்குள் இருந்தால், பட்டையைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து இளக்கி, மீண்டும் செருகி ஓரளவு சரிசெய்யலாம்.

புதிதாகச் செருகும்போது எல்லோருக்கும் வரும் ஆசை, இழுத்துப் பிடித்துப் பொருத்துவது. அது பார்க்க நேராக, கச்சிதமாக இருக்கும். அடுத்த குளிரில் இழுத்த அளவுக்குச் சுருங்கி, முனையில் சட்டம் பல்லிளிக்கும். அதனால் வெந்நீரில் இளக்கியபின் இழுக்காமல், கையால் தள்ளித் தள்ளி உள்ளே அடைத்துக்கொண்டே போங்கள். கடைசியில் விரலகலம் கூடுதலாக விட்டு, ஒரு இரவு இருக்கவிட்டு, மறுநாள் வெட்டுங்கள்.

வாங்கும் முன் பழைய பட்டையில் ஒரு அங்குலத் துண்டைக் கூரிய கத்தியால் குறுக்காக வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டையை வெளியிலிருந்து பார்த்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள். சட்டத்துக்குள் பிடிக்கும் அந்த இரண்டு காதுகளின் வடிவம்தான் பொருந்த வேண்டும், அது குறுக்குவெட்டில் மட்டுமே தெரியும். அப்படி வெட்டும்போது உள்ளே பாருங்கள்: மேலே சாம்பலாகிப்போன பட்டை, உள்ளே முதல் நாள் வந்த அதே கருப்பில் இருக்கும்.